மாமா என்னை ஓடப் பழக்கிய கதை

இன்றைக்கும் யாராவது பச்சை முட்டையை உடைக்கும் சத்தம் கேட்டால் எனக்குக் குமட்டும். எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன். வீட்டில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வாயில் மூங்கில் குழாயைச் செருகி ஒருவரும் முட்டை ஊற்றியதில்லை.

சமஸ்தானம் இருந்த காலம். எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா செத்தபின் நானும் ஆத்தாவும் திருமயத்துக்குப் பக்கத்தில் மாமா வீட்டில் ஒண்டியிருந்தோம். மாமா ஆத்தாவுக்கு அண்ணன், நல்ல மனுஷன். அத்தை அப்படியில்லை. ஆத்தா சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்துத்தான் அவளுக்கு அரிசி விலை ஞாபகம் வரும். அந்த வருஷம், சித்திரையில் திருமயத்திலிருந்து புதுக்கோட்டை வரைக்கும் பன்னிரண்டு மைல் ஓட்டப் பந்தயம், முதல் மூன்று பேருக்குப் போலீஸ் சேவகர் வேலை என்று தண்டோரா போட்டார்கள். வேலை கிடைத்தால் டவுனில் குடியிருக்க, சேவகர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயன் வீடு உண்டு. ஆத்தாவை அழைத்துக்கொண்டு போய்விடலாம். எனக்கு வேறு ஆசையே இல்லை.

“இவன நான் பழக்குறேன்” என்றார் மாமா. மாமாவிடம் ஒரு மஞ்சுவிரட்டுக் காளை இருந்தது. மூன்று வருஷமாக அதன் திமிலில் எவனும் கை வைத்ததில்லை. அதைப் பழக்கியவர் என்று சுற்றுவட்டாரமெல்லாம் அவருக்குப் பேர். மனுஷன் ஓடும் பந்தயத்தை அவர் கண்ணால் கண்டதில்லை. அதனாலென்ன, ஓட்டம் ஓட்டம்தானே என்று நினைத்தார். நானும் நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு.

விடியற்காலையில் காளைக்கு நல்லெண்ணெயில் நாலு முட்டையை அடித்து, மூங்கில் குழாயில் நிரப்பிப் புகட்டுவார். அது முடிந்ததும் அதே குழாயோடு என்னிடம் வருவார். ஓரமெல்லாம் மாடு கடித்த பல் தடம். நூல் நூலாக எச்சில் வழியும்.

“கழுவுனீங்களா மாமா?”

“மாட்டு எச்சியில தோசம் இல்லடா. அண்ணாக்கப் பாரு.”

அண்ணாந்தால் மூக்கைப் பிடித்து ஊற்றிவிடுவார். வழவழவென்று இறங்கி, பாதியில் நின்று, மேலே வரப் பார்க்கும். தூ! இப்போது எழுதும்போதே வாய் ஊறுகிறது. வாந்தி எடுத்தால் இன்னொரு குழாய் உண்டு. ஆகவே விழுங்கிவிடுவேன்.

அப்புறம் உச்சி வெயிலில் கண்மாய். தண்ணீர் வற்றி, வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவில் ஒரு குட்டை மட்டும் மிச்சம். அதில் செத்த கெண்டை வயிறு வெளுத்து மிதக்கும், எருமை புரளும். அதைச் சுற்றி நான் ஓட வேண்டும். மாமா துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கரையில் காளையோடு உட்கார்ந்து “ஹேய், ஹேய்” என்று விரட்டுவார். மெதுவாக ஓடினால் மண்ணாங்கட்டி பறந்து வரும்.

“வாடிவாசல விட்டு வெளிய வர்ற வேகந்தாண்டா வேகம்! பாஞ்சு வா! மத்ததெல்லாம் சும்மா.”

பொழுது சாயும்வரை தண்ணீர் கிடையாது. வயிற்றில் தண்ணீர் கிடந்தால் கால் எழும்பாதாம். ஒருநாள் தாங்காமல் அந்தக் குட்டையில் வாய் வைத்தேன். மீன் நாற்றமும் சாணியுமாக இரண்டு வாய் குடித்துவிட்டேன். மூன்று நாள் வயிற்றால் போனது. அந்த மூன்று நாளும்கூட மாமா முட்டையை நிறுத்தவில்லை.

பந்தய நாளன்று அதிகாரிகள் வந்து சேர மணி பத்தாகிவிட்டது. தார் இல்லாத ரோடு, கப்பிக் கல் வெந்து கிடந்தது. கொடி இறங்கியதும் பாய்ந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு மைல் வரைக்கும் என் பக்கத்தில் ஒரு குஞ்சு இல்லை. கூடவே வில்வண்டியில் வந்த மாமா எழுந்து நின்று, “தொடுங்கடா பாப்போம்! எவனாச்சும் தொடுங்கடா!” என்று கத்தினார். ஒரு மைல் கல் தாண்டியதும் துண்டைச் சுழற்றிக் கும்பிட்டுவிட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். மஞ்சுவிரட்டில், எவனும் தொடாமல் எல்லை தாண்டிய காளை ஜெயித்த காளை. அவர் கணக்கு முடிந்தது.

மூன்றாவது மைலில் கண் இருட்டியது. ஐந்தாவது மைலில் ஒரு நீர்மோர்ப் பந்தலுக்கு எதிரே காலையில் ஊற்றியதெல்லாம் வெளியே வந்தது, எண்ணெயும் முட்டையுமாக, மூக்கு வழியாகவும். மோர் கொடுக்க வந்த பெண்பிள்ளைகள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினார்கள். ஆரம்பத்திலிருந்து சந்தைக்குப் போகிறவன்போல வந்த ஒரு ஒல்லிப் பயல் நின்று நிதானமாக ஒரு செம்பு மோரைக் குடித்தான். “என்னண்ணே, முடியலியா?” என்று கேட்டுவிட்டுப் போனான். அவன் மூன்றாவதாக வந்தான் என்று பிறகு தெரிந்தது. நான் ஊர்ந்து போய்ச் சேர்ந்தபோது எல்லைக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். நான் வந்தது பதினேழாவதோ பதினெட்டாவதோ, பேர் எழுதியவருக்கே சந்தேகம்.

ஒரு லாரிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றி வந்தார். வீட்டு வாசலில் பத்துப் பதினைந்து பேர். மாமா ஓடி வந்து என் தோளில் புதுத் துண்டைப் போட்டார். “எம்புட்டுப் பேரு பின்னால வந்தானுக! ஒருத்தன் தொட்டானா? கேளுங்கப்பா!” அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் துண்டாலேயே அவர் கழுத்தை நெரித்திருப்பேன்.

உள்ளே போனேன். ஆத்தா இரண்டு சேலையையும் பித்தளைச் செம்பையும் மூட்டையாகக் கட்டி வைத்துவிட்டு, தலை வாரி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“எப்ப வரச் சொல்லிருக்காகப்பா?”

“வேல கெடைக்கல ஆத்தா.”

“அண்ணன் நீ செயிச்சுட்டன்னுல்ல வந்து சொன்னாக?”

“அவுக ஒரு மைலுதான் பாத்தாக. மிச்சம் பதினோரு மைல பாக்கல.”

மூட்டையைச் சுவரோரமாகத் தள்ளி வைத்தாள். வெளியே மாமா முதலிலிருந்து கதையைச் சொல்லத் தொடங்கியிருந்தார். ஆத்தா எழுந்து கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

“இன்னைக்கு அவுககிட்டச் சொல்லாதப்பா. அண்ணன் சந்தோசமா இருக்காக” என்றாள்.