ரங்கம்மாள் எங்கள் சபையைச் சேர்ந்தவள் அல்ல

ஒரே உடம்பில் இரண்டு பேர் குடியிருந்தால், அவர்களில் யார் சபையைச் சேர்ந்தவர் என்று 1931-ஆம் வருஷம் எங்கள் ஆம்பூர் சபைக் கமிட்டி கூடிப் பேசியது. சிரிக்க வேண்டாம். பேசியவர்கள் எல்லோரும் படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள். தீர்மானமும் நல்ல எண்ணத்தோடு போட்டதுதான். அது எந்த இடத்தில் போய் இடித்தது என்பதற்காகத்தான் அன்னம்மாளின் கதையைச் சொல்கிறேன்.

அன்னம்மாளின் புருஷன் தேவசகாயத்துக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. புருஷனும் பெண்சாதியும் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதற்கு முன் அவள் பெயர் ரங்கம்மாள், பிறந்தது பேரணாம்பட்டு. அவளைப் போல ஒரு சாது எங்கள் தெருவில் கிடையாது. குரலை உயர்த்த மாட்டாள், பூ வைக்க மாட்டாள், யார் எது சொன்னாலும் சரிங்க என்பாள். சபைக்கு இப்படிப்பட்ட பெண்களை ரொம்பப் பிடிக்கும். தோல் ஷாப் தெருவுக்குள் மட்டும் காலை வைக்க மாட்டாள். சின்ன வயதில் ஊரில் என்ன செய்தாய் என்று கேட்டால், "வூட்லதான் இருந்தேன்" என்பாள். அதற்கு மேல் கேட்டால் அவளுக்கே ஒன்றும் நினைவிருக்காது.

உப்புப் போட்ட பச்சைத்தோல் ஏற்றிய வண்டி எப்போதாவது வழி தப்பி எங்கள் தெரு வழியாகப் போகும். அந்த வாடை அடித்ததும் அன்னம்மாள் போய்விடுவாள். உடம்பு அங்கேதான் நிற்கும். தலை நிமிரும், முந்தானை இடுப்பில் ஏறும், குரல் கட்டையாகிவிடும். இடது கையால் வெற்றிலை மடித்துப் போட்டுக்கொண்டு, "இன்னா பாக்குற?" என்று எதிரே நிற்பவர்களைக் கேட்பாள். அன்னம்மாள் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ரங்கம்மாள் என்றால்தான் திரும்புவாள். கங்கையம்மன் கோயிலுக்குப் போய்க் குங்குமமும் பூவுமாக வருவாள். கொஞ்ச நேரம் கழித்து அன்னம்மாள் திரும்பி வந்து, கண்ணாடியில் தன் நெற்றியைப் பார்த்துவிட்டு உட்கார்ந்து அழுவாள். இடையில் நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. பாவம், யாரோ உடுத்திக் கழற்றிப்போட்ட உடம்பை ஒவ்வொரு தடவையும் துவைத்துக்கொண்டிருந்தாள்.

வைத்தியம் பார்க்காமல் இருப்போமா? ஞானஸ்நானத்துக்கு முன் இது அம்மன் அருள். குறி கேட்க ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களை ரங்கம்மாள், போய் வேலையைப் பாருங்கள் என்று விரட்டினாள். ஞானஸ்நானத்துக்குப் பின் அதுவே பிசாசு ஆயிற்று. முன்பு பூசாரி வேப்பிலை அடித்தார், பிறகு எங்கள் மூப்பர்கள் உபவாச ஜெபம் செய்தார்கள். எல்லா வைத்தியமும் பலித்தது. ரங்கம்மாள் எப்படியும் பொழுது சாய்வதற்குள் தானாகவே போய்விடுவாள் என்பதால் ஒருவருக்கும் தோல்வியில்லை.

பக்கத்து வீட்டு அக்தர் பானு மட்டும் வைத்தியம் எதுவும் பார்க்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரலைக் கேட்டுவிட்டு, "இன்னிக்கு யாரு வந்திருக்கீங்க?" என்று கேட்பாள். அன்னம்மாள் என்றால் டீ கொடுப்பாள், ரங்கம்மாள் என்றால் வெற்றிலைப் பெட்டியை நகர்த்துவாள். எப்படியம்மா சமாளிக்கிறாய் என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"இதுல இன்னா பேஜாரு? ரெண்டு பேரும் நம்ம தோஸ்துங்கதான்," என்றாள்.

அன்னம்மாளின் ஒரே மகள் பொன்மலரும் அக்தர் பானுவிடமிருந்துதான் இரண்டு பேரோடும் பழகக் கற்றுக்கொண்டாள். அன்னம்மாள் மகளுக்குப் பைபிளிலுள்ள சங்கீதம் சொல்லிக்கொடுத்தாள். ரங்கம்மாள் வரும்போது மகளுக்கு இறுக்கிச் சடை பின்னி, "எவனாவது உள்ள வெச்சுக் கதவைச் சாத்துனா கடிச்சுட்டு ஓடிடு" என்று சொல்லிக்கொடுத்தாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் எல்லாத் தாய்மாரும் சொல்வதுதான் என்று பொன்மலர் நினைத்துக்கொண்டிருந்தாளாம்.

கடைசியில் கிருபானந்தம் ஐயர், எங்கள் போதகர், அவளை வேலூருக்கு ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார். வழியில் ஒரு தோல் வண்டி எதிர்ப்பட்டதால், டாக்டரம்மா இரண்டு பேரிடமும் பேசினார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நர்ஸம்மா ஐயருக்குத் தமிழில் சொன்னாள்.

"பேயும் இல்லீங்க, நடிப்பும் இல்லீங்க. சின்ன வயசுல இவங்களால தாங்க முடியாதது என்னமோ நடந்திருக்குது. ஓடிப் போக வழியில்லாத குழந்தை மனசு, எனக்கு நடக்கல, இன்னொருத்திக்கு நடக்குதுன்னு ஒதுங்கிடுமாம். அந்த இன்னொருத்திதான் ரங்கம்மாள். நடந்தது அன்னம்மாளுக்குத் தெரியாது, ரங்கம்மாளுக்குத் தெரியும். அவங்களை விரட்டாம உக்கார வெச்சுப் பேசுங்கன்றாங்க."

ஐயர் யோக்கியமான மனுஷர். கேட்டதைக் கேட்டபடி கமிட்டியில் சொன்னார். கமிட்டி அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. இரண்டு பேர் என்றால், ஞானஸ்நானம் யாருக்கு ஆயிற்று? விட்டுப்போனவளுக்கும் கொடுத்துவிடலாம் என்று ஒரு மூப்பர் யோசனை சொன்னார். அடுத்த முறை ரங்கம்மாள் வந்தபோது போய்க் கேட்டார்கள்.

"எனக்கு இன்னாத்துக்கு? எம் பேரு எனக்கு இருக்குது," என்று சொல்லி வெற்றிலைச் சாற்றைத் துப்பினாள்.

ஆகவே தீர்மானம் ஆயிற்று: அன்னம்மாள் சபையைச் சேர்ந்தவள், ரங்கம்மாள் சேர்ந்தவள் அல்ல, அவள் செய்வதற்கு இவள் பொறுப்பல்ல. எல்லோருக்கும் நிம்மதி. அன்னம்மாளுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடைத்தன. உட்கார வைத்துப் பேசுங்கள் என்று டாக்டரம்மா சொன்னது யாருக்கும் நினைவில் நிற்கவில்லை.

அடுத்த வருஷம் பொன்மலருக்கு அரக்கோணத்தில் மாப்பிள்ளை அமைந்தது. ஜார்ஜ், ரயில்வேயில் வேலை. தாயாரோடு பெண் பார்க்க வந்தவன், தாயார் மேல் ஒரு கண்ணும் பொன்மலர் மேல் ஒரு கண்ணுமாக உட்கார்ந்திருந்தான். பொன்மலருக்குப் பிடித்துவிட்டது. அதை மறைக்கவும் அவளுக்குத் தெரியவில்லை. பையனின் தகப்பனார் ஆபிரகாம் அரக்கோணம் சபையில் பெரிய மூப்பர். வேலை ஜாஸ்தி என்பதால் அப்போது அவர் வரவில்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பது எங்கள் வழக்கம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், உங்களில் யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் சொன்னது கிடையாது. முதல் ஞாயிறும் இரண்டாம் ஞாயிறும் அப்படித்தான் போயிற்று.

மூன்றாம் ஞாயிறு ஆபிரகாம் ஜார்ஜோடு வந்தார். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளிப் பூண் போட்ட தடி. தூரத்துச் சபையின் மூப்பர் என்று ஐயர் அவரை, தாம் மனம் திரும்பிய கதையை இரண்டு வார்த்தை சாட்சியாகச் சொல்லச் சொன்னார். அவர் கணீரென்று ஆரம்பித்தார்.

"நான் முன்னாடி தோல் ஷாப் மேஸ்திரி. அப்ப என் பேரு அருணகிரி. நான் பண்ணாத பாவம் இல்ல. ஆனா அந்த அருணகிரி செத்துப் போய்ட்டான். இங்க நிக்கிறது வேற ஆளு."

சபை முழுக்க ஆமென் என்றது. நான் பெண்கள் பக்கத்தில் அன்னம்மாளுக்குப் பின்பாயில் உட்கார்ந்திருந்தேன். அவள் ஆமென் சொல்லவில்லை. முதுகு மெல்ல நிமிர்வதைப் பார்த்தேன். தோல் வண்டி எதுவும் அன்று தெருவில் போகவில்லை.

ஐயர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டார். அவள் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"இந்தக் கல்யாணம் வேணாம்."

"காரணம் சொல்லணும்மா," என்றார் ஐயர்.

"இந்த ஆளு பேரணாம்பட்டு ஷாப்ல மேஸ்திரி. ஆட்டு ரோமம் அலசுற பொண்ணுங்கள உப்புக் கிடங்குக்குக் கூட்டினு போய்க் கதவைச் சாத்துவான். என்னை உள்ள வெச்சுச் சாத்துனப்ப எனக்குப் பால்பல்லு விழுந்துனு இருந்திச்சு."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. பெண்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

ஆபிரகாம் பதறவில்லை. வேலைக்காரியை அடக்குகிற பழைய குரலில், "உக்காருடி ரங்கி" என்றார்.

அவள் உட்கார்ந்துவிட்டாள். யாருக்கும் அடங்காத ரங்கம்மாள், அந்த ஒரு சொல்லுக்குப் பாயில் சுருண்டு உட்கார்ந்ததை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மூப்பர்கள் பீடத்தருகே கூடிக் குசுகுசுத்தார்கள். அவர்களில் ஒருவருக்குப் பழைய தீர்மானம் ஞாபகம் வந்தது. ஓலையில் 'உங்களில் யாருக்காவது' என்றுதான் இருக்கிறது. எழுந்து பேசியவள் நம்மில் ஒருத்தி அல்ல, சபையே முடிவு செய்திருக்கிறது. ஆகவே தடை செல்லாது. எல்லோரும் தலையாட்டினார்கள். அதற்குள் அன்னம்மாள் திரும்பி வந்து, தன் முந்தானை ஏன் இடுப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் அவளிடம் வந்தார்.

"அன்னம்மா, இந்த விவாகத்துக்கு நீ ஏதாவது தடை சொல்றியா?"

"நானா? இல்லீங்க ஐயா. நல்ல எடமாச்சே."

கோயில் முழுவதும் மூச்சு விட்டது. ஆபிரகாம் புன்சிரிப்போடு, "பாவம், பிசாசு புடிச்ச பொம்பள. நான் மன்னிச்சுட்டேன்," என்றார். மன்னித்ததற்காகவும் இரண்டொருவர் ஆமென் சொன்னார்கள். ஓர் உடம்பில் இரண்டு ஆள் என்பதை எங்கள் சபை நம்பாமலில்லை. பெரிய மூப்பர் சொன்னால் சாட்சி, சுண்ணாம்புத் தொட்டிக்காரன் பெண்சாதிக்கு வந்தால் பிசாசு.

அப்போது பொன்மலர் எழுந்தாள். கல்யாணப் பெண் ஓலை வாசிக்கும்போது தலை நிமிர்ந்து பார்ப்பதே வழக்கமில்லை. பக்கத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, நான் சபையில இருக்கேன்ல?"

"இருக்கம்மா."

"அப்ப தடை நான் சொல்றேன். இவங்க வூட்டுக்கு எங்கம்மா பேரு அன்னம்மாள்னுதான் சொல்லி அனுப்புனோம். ரங்கம்மான்ற பேரை இன்னிக்கு இங்க யாரும் எடுக்கல. ரங்கின்னு யாரும் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல." அவள் ஆபிரகாமின் பக்கம் திரும்பினாள். "அருணகிரி செத்துப் போய்ட்டார்னு சொன்னீங்க. இப்ப எங்கம்மாவைக் கூப்பிட்டது யாரு?"

நாங்கள் எல்லோரும் ஆபிரகாமின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் தடியை எடுத்துக்கொண்டு ஆண்கள் பக்கத்து வாசல் வழியாக வெளியே போனார். ஜார்ஜ் பொன்மலரைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான், பிறகு தகப்பன் பின்னாலேயே போய்விட்டான். ஐயர் ஓலைப் புத்தகத்தை மூடினார்.

அரக்கோணத்தில் ஆபிரகாம் அதற்கப்புறமும் மூப்பராகத்தான் இருந்தார். ஐயர் எழுதிக் கேட்டதற்கு, அருணகிரியைப் பற்றித் தங்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆபிரகாம் நல்லவர் என்று அந்தச் சபையிலிருந்து பதில் வந்தது. பொன்மலர் ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். பிடித்த பையனை விட்டவளுக்கு வீரம் பேசிக்கொண்டிருக்கத் தோன்றுமா? நானும் அக்தர் பானுவும் மாறிமாறிக் கஞ்சி கொண்டுபோனோம்.

மகள் தடை சொன்னதைக் கேட்டிருந்தும், அன்னம்மாளுக்குத் தன்னால்தான் கல்யாணம் நின்றது என்பது மட்டும்தான் புரிந்திருந்தது. ஒருநாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவ உன் கல்யாணத்தைக் கெடுத்துட்டாளாமே."

"கெடுக்கலம்மா. என்னைக் காப்பாத்துனா."

"எதுலேர்ந்து?"

பொன்மலர் வாயைத் திறந்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். "அது அவளுக்குத் தெரியும். நீ தெரிஞ்சுக்கணும்னு இல்ல," என்றாள். அன்னம்மாள் மறுபடி கேட்கவில்லை. கேட்க வேண்டாம் என்று அவளுக்குள் யாரோ சொல்லியிருப்பார்கள்.

மறுநாள் காலை தெருவில் பூக்காரி குரல் கேட்டது. ரங்கம்மாள் வைத்துவிட்டுப் போன பூவை இத்தனை வருஷமாகப் பிய்த்து எறிந்து அழுத அன்னம்மாள், வெளியே போய் ஒரு முழம் கனகாம்பரம் வாங்கி வந்தாள். ஈரத்துணியில் சுற்றி, கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இன்னாம்மா இது?" என்றாள் பொன்மலர்.

"எனக்கில்ல," என்றாள் அன்னம்மாள். "அவ வந்தா வெச்சுக்கட்டும்."