பின்சக்கரத்தில் நான் விட்ட எண்ணெய்

வெள்ளைக்காரன் ஆண்ட காலம், பெரிய சண்டை நடந்த நேரம். காய்ச்சலில் கிடந்த என் ஒன்றரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு, கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக நானும் வீட்டுக்காரரும் மலையிறங்கினோம். அடிவாரத்தில் வாழைத்தார் ஏற்றிய சின்ன லாரி ஒன்று நாமக்கல்லுக்குப் புறப்பட்டது. பிள்ளையைப் பார்த்ததும் டிரைவர் ஏறச் சொன்னார். அதுவரை நான் மோட்டாரைத் தொட்டதுகூட இல்லை.

பிரேக் போடும்போதெல்லாம் பின்சக்கரம் கிரீச்சென்று கத்தியது. பிள்ளை தூக்கிவாரிப்போட்டு விழித்தாள். டிரைவர் ஏரிக்கரையில் நிறுத்தி, சக்கரத்துக்குப் பின்னால் குனிந்து தட்டிப் பார்த்தார்.

“உள்ள மண்ணு பூந்திருக்குதுங்க. என்ற பொண்டாட்டியாட்ட, கத்தும், ஆனா கைவிடாது” என்று சிரித்துவிட்டு, இஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். என் வீட்டுக்காரர், இவரும் கூடப் போனார்.

எங்கள் மலையில் கதவுக் குடுமி கத்தினால் விளக்கெண்ணெய் விடுவோம். பிள்ளையின் உச்சியில் வைக்கக் கொண்டுவந்த எண்ணெய் என்னிடம் இருந்தது. டிரைவர் தட்டிய இடுக்கில் பாதிப் புட்டியை ஊற்றினேன்.

வண்டி கிளம்பியது. சத்தம் இல்லை, பிள்ளை தூங்கினாள். எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. அடுத்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல், வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டி நின்றது. யாருக்கும் அடியில்லை.

டிரைவர் சக்கரத்தில் வழிந்ததைத் தொட்டு மோந்தார். “பிரேக் எண்ணெய் ஒழுகுதுங்க. குழாய் எங்கியோ ஒடைஞ்சிருக்கோணும்” என்று வண்டிக்கடியில் படுத்தார். அந்தக் காலத்துப் பிரேக் எண்ணெயிலும் விளக்கெண்ணெய் கலந்திருக்குமாம், அதே வாசம்தானாம், எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. குழாயை விரல் விரலாகத் தடவித் தேடினார். வெயில் ஏறியது. வேறு வண்டி எதுவும் வரவில்லை.

நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல எத்தனை தரம் வாயெடுத்தேன். அந்நிய ஆண் முன்னால் பேசிப் பழக்கமில்லை. இவர் என்ன சொல்வாரோ என்ற பயம் வேறு.

“ஏனுங்க, இன்னும் நேரமாகுங்களா?” என்றார் வீட்டுக்காரர்.

“ஒழுகுற எடம் தெரியோணுமுங்க. மேலாப்புல எண்ணெ பட்டதுன்னா பெட்ரோல்ல தொடச்சுட்டு எப்பவோ போயிருக்கலாம்.”

சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தேன். என் முந்தானையைப் பிடித்திருந்த பிள்ளையின் கை நழுவிக் கிடந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது.

டிரைவர் இவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “என்ற வண்டி கொன்னு போட்டுதுங்களே சாமி.” அப்போதும் நான் பேசவில்லை. இவரும் கடைசிவரை அது தெரியாமலே கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாளோ என்னவோ, ஆனால் அந்த மனிதர் தன் தலையில் போட்டுக்கொண்ட பழியை அவர் அழும்போதே நான் வாங்கிக்கொள்ளாமல் இருந்தது இத்தனை வயதிலும் என்னைத் தூங்க விடுவதில்லை.