ராபோ என்றொரு தெலுங்குச் சொல்

ரோபோ என்பதை நான் வெகுநாள் தெலுங்குச் சொல் என்றே நினைத்திருந்தேன். அப்பா பக்கம் தெலுங்கு, அம்மா பக்கம் தமிழ். ஓசூரில் பாதி வீடுகள் இப்படித்தான். அப்பா வாயில் அது ‘ராபோ’ என்று வரும். தெலுங்கில் ‘ரா’ என்றால் வா; ‘போ’ இரண்டு மொழியிலும் ‘போ’தான். வா என்றால் வந்து, போ என்றால் போகிற மிஷின் என்று நானாகவே அர்த்தம் கட்டிக்கொண்டேன்.

அப்பா ஒரு வண்டிக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வெல்டர். ஆயுதபூஜைக்கு மட்டும் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். நான் இரண்டாவது படித்த வருஷம், அப்பா நின்று வேலை செய்யும் இடத்தில் அந்த ராபோ, ஒரு மஞ்சள் இயந்திரக் கை, நின்றது, கழுத்தில் சாமந்தி மாலையோடு. கைக்கு ஏது கழுத்து என்று கேட்காதீர்கள். மாலை விழுந்த இடம்தான் கழுத்து. எங்கெங்கே பற்றவைக்க வேண்டும் என்று இன்ஜினியருக்குக் காட்டிக்கொடுத்ததே அப்பாதானாம்.

“இது என்னப்பா பண்ணும்?” என்றேன்.

“நான் பண்றதெல்லாம் பண்ணும் கண்ணு.”

“அப்ப நீ சீக்கிரம் வூட்டுக்கு வந்துருவியா?”

அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். “வந்துருவேன். அதுக்குப் பொட்டு வை” என்றார்.

சொன்னபடியே வந்துவிட்டார். பொங்கலுக்குள் அவரை வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சொல்லின் பூர்வீகத்தை இப்போதுதான் படித்தேன். ஸ்லாவிய மொழிகளுக்கெல்லாம் தாயான ஒரு மொழி, எழுத்தில் எங்கும் அகப்படாதது. பிள்ளைகளின் முகத்தை வைத்துத் தாயை ஊகிப்பதுபோல அறிஞர்கள் அதன் சொற்களை ஊகித்து, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டு வைத்திருக்கிறார்கள். ‘*ஓர்பு’ என்றால் அடிமை. அதன் வழியில் செக் மொழியின் ‘ரோபோட்டா’, பண்ணையாருக்குக் கூலியில்லாமல் செய்யும் வேலை, அதிலிருந்து ரோபோ. ரஷ்யாவில் ‘ரபோத்தா’ என்றால் வெறுமனே வேலை. குழந்தையைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லான ‘ரெப்யோனக்’கும் இதே வம்சமாம். அடிமையும் வேலையும் குழந்தையும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். படித்துவிட்டு, அப்பாவை நினைத்து அழுதேன்.

அன்று எனக்கு அழத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அப்பா வீட்டில் இருக்கிறார், இதைவிட என்ன வேண்டும்? ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றியபோது, அப்பா பக்கத்தில் நிற்க, சத்தமாகவே வேண்டிக்கொண்டேன்: “சாமி, அந்த மிஷினுக்கு மட்டும் ஒண்ணும் ஆவக்கூடாது.”

என் தலைமேல் இருந்த அப்பாவின் கை ஏன் விலகியது என்று எனக்கு விளங்கவில்லை.