அண்ணன் பெயரில் என் ரத்தம்

அண்ணனின் மெடிக்கல் ரிப்போர்ட்டில் இருப்பது என்னுடைய ரத்தம். இதை அம்மாவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் ஊர் மத்தூர் பக்கம். அப்பா எப்போதோ போய்விட்டார். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். அண்ணன் ஐடிஐ வரை போனான். இரண்டு பேரும் சூளகிரியில் ஒரு ரூம் எடுத்துத் தங்கியிருந்தோம். நான் அட்டைப்பெட்டி கம்பெனியில் லோடிங். அவன், அலுமினியம் உருக்கி வண்டிக்குப் பாகம் வார்க்கும் கம்பெனியில் ஆறு வருடமாக கான்ட்ராக்ட் ஆள்.

அவனுக்கு சுகர் என்று தெரிந்தபோது வயது முப்பத்தொன்று. ஒரே தாகம், ஓயாமல் பாத்ரூம் போனான், பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு மாத்திரை கொடுத்தார்கள். வெளியே வந்து அவன் சொன்ன முதல் வார்த்தை, "யார்கிட்டயும் வாய வுடாத"தான். அம்மாவிடம் மட்டும் சொன்னோம். அம்மா நாவல் கொட்டையும் சிறுகுறிஞ்சான் இலையும் அரைத்துப் பொடியாக்கி டப்பா டப்பாவாகக் கொடுத்து அனுப்பினாள்.

அடுத்த வருடமே கம்பெனியில் அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொன்னார்கள். அதற்கு முன்னால் மெடிக்கல். சுகர் இருந்தால் அன்ஃபிட் போட்டு அனுப்பிவிடுவார்கள் என்று லைனில் பேச்சு. யார் முதலில் சொன்னது என்று தெரியாது. எல்லோரும் சொன்னார்கள்.

"நீ போய் நில்லுடா," என்றான்.

"மாட்டுனா?"

"ஆதார் ஜெராக்ஸ்ல நீயும் நானும் ஒன்னுதான். அதுல நம்மம்மா மூஞ்சி இருந்தாக்கூட அவனுக்குத் தெரியாது."

ஓசூரில் ஒரு லேப். கான்ட்ராக்டர் அனுப்பிய ஆட்கள் இருபது பேர் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்றோம். எல்லோருமே மாஸ்க் போட்டிருந்தோம். ரத்தம் எடுத்த ஆள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஹெசரு?" என்று கன்னடத்தில் பெயரைக் கேட்டார். அண்ணன் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், அண்ணன் எதிர்க்கடையில் செட் தோசை தின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புத்தான் தாங்க முடியவில்லை.

ரிப்போர்ட் நார்மல். வேலை பர்மனென்ட் ஆனது. ஊருக்குப் போய், அது என் ரத்தம் என்று அம்மாவிடம் சொல்வதற்குள் அவளே பேப்பரை வாங்கி, பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டாள்.

"பாத்தியா சாமி! என் பொடிதான் கேட்டுச்சு! அந்த மாத்திரையெல்லாம் எதுக்கு, கிட்னிக்கு ஆவாது."

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

கம்பெனிக்குக் கொண்டுபோகும் பையில் மாத்திரை வைத்துக்கொள்ள அவனுக்குப் பயம். கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும், சாப்பாட்டுக்கு நேரமே கிடையாது. முதலில் ஒரு வேளை விட்டான், பிறகு இரண்டு வேளையும். "மாத்திரை போட்டியாண்ணா?" என்று கேட்டால், "எனக்கெதுக்குடா, ரிப்போர்ட் நார்மல்," என்று சிரிப்பான். கொஞ்ச நாளில் அதையே சிரிக்காமல் சொன்னான். அவனுக்கும் அது உண்மையாகிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். யாருடைய ரத்தம் என்று தெரிந்த ஒரே இன்னொரு ஆளும் மறந்துவிட்டான்.

ஒருநாள் ரூமுக்கு வந்து சேஃப்டி ஷூவைக் கழற்றினான். சாக்ஸ் முழுக்க ரத்தம். ஷூவுக்குள் விழுந்த ஒரு அலுமினியச் சில்லு, பெருவிரலுக்குக் கீழே ஏறியிருந்தது. அதோடு ஷிஃப்ட் முழுக்க நின்றிருக்கிறான்.

"வலிக்கலையாண்ணா?"

"சத்தியமா வலிக்கலடா. சின்னதுதான்."

வலிக்காதது நல்லது என்றே நானும் நினைத்தேன். கம்பெனி ஃபர்ஸ்ட் எய்டுக்குப் போனால் சுகர் பார்ப்பார்கள் என்று போகவில்லை. மெடிக்கல் ஷாப்பில் பவுடர் வாங்கிப் போட்டு, துணி சுற்றி, அதே ஷூவைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். பத்து நாளில் ரூமில் நாற்றம் அடித்தது. குப்பை என்று நினைத்து நான் ரூமைக் கழுவினேன்.

காய்ச்சல் வந்து நினைவு தடுமாறிய பிறகுதான் கிருஷ்ணகிரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அம்மா ஊரிலிருந்து நேராக வந்தாள். டாக்டர் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். காலைப் பிரித்துப் பார்த்ததும் கேட்டார்.

"சுகர் இருக்கா?"

"இருந்துச்சு மேடம், சரியாயிருச்சு," என்று அம்மா மஞ்சப்பையிலிருந்து ரிப்போர்ட்டை எடுத்துக் கொடுத்தாள். பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்திருந்தாள்.

டாக்டர் அவன் விரலைக் குத்தினார். மெஷினில் நம்பர் வரவில்லை, 'ஹை' என்று மட்டும் வந்தது.

"அப்படின்னா என்னாங்க மேடம்?"

"இந்த மெஷினால அளக்க முடியலம்மா. அவ்ளோ இருக்கு." அவர் ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏழு மாசத்துக்கு முன்னாடி இவருக்கு எப்படிங்க இது நார்மலா வரும்? மாத்திரை நிறுத்துனது எப்போ?"

என்னைத்தான் பார்த்துக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அண்ணன் கண்ணைத் திறந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "சொல்லாதடா, வேலை போயிரும்," என்றான். அவனுக்கு அப்போதும் வேலைதான்.

முதலில் கால் விரலை எடுத்தார்கள். பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். ஆறாவது நாள் போய்விட்டான்.

காரியம் முடிந்து, அவன் ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்க கம்பெனிக்குப் போனேன். ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் இருந்த பெரியவர் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்.

"சுகர்னு சொல்லியிருக்கலாமேப்பா. இங்க கால்வாசிப் பேருக்கு இருக்கு. ஃபர்னஸ் பக்கம் வுடாம பேக்கிங்ல போட்டிருப்பாங்க, அவ்ளோதான்."

"அன்ஃபிட் போடுவாங்கன்னு..."

"யார் சொன்னா?"

ஐடி கார்டை அவர் மேஜையில் வைத்தேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். பஸ்கள் வந்து போயின. எதிலும் ஏறத் தோன்றவில்லை.

ஊருக்குப் போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தவள் கை நிற்காமல் கேட்டாள்.

"ரத்தம் குடுக்கறப்ப அவன் எங்க இருந்தான்?"

"எதிர்க்கடையில தோசை தின்னுட்டிருந்தாம்மா."

"நல்லாத் தின்னானா?"

"ம்."

அடுத்த புளியை எடுத்தாள். உண்மை தெரிந்த பிறகும், துக்கம் கேட்க வருகிறவர்களிடம் பழைய கதையையே சொன்னாள். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தோம்க்கா. ஒன்னுமே இல்லன்னுதான் ரிப்போர்ட்டு வந்துச்சு." சொல்லும்போது என் பக்கம் திரும்பவே மாட்டாள். என்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஒரு மகன்தானே மிச்சம்.

போன வாரம், வீடு வீடாக பிரஷரும் சுகரும் பார்க்க வரும் அக்கா எங்கள் தெருவுக்கு வந்தார். நானும் அம்மாவும் எங்கள் வாசலில் இருந்தோம், எதிர்வீட்டு அத்தை அவள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். கணுக்காலில் துணி சுற்றியிருந்தாள். செருப்பு கடித்ததாம், ஒரு மாதமாக ஆறவில்லையாம்.

"விரலை நீட்டுங்கம்மா, ஒரு நிமிஷம்தான்," என்றார் அக்கா.

அத்தை கையை மடியில் மறைத்துக்கொண்டாள். "போம்மா நீ. அந்த வூட்டுப் பையனுக்கு ஓசூர்ல பெரிய லேப்ல பாத்து ஒன்னுமில்லன்னு எழுதிக் குடுத்தாங்க. ஏழு மாசத்துல கால வெட்டி, பொணமா வந்தான். உன் மெஷினு என்னாத்த சொல்லும்? வேணும்னா அவங்க அம்மாவையே கேளு."

அக்கா எங்களைத் திரும்பிப் பார்த்தார். "அப்படியாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். இத்தனை நாளில் அப்போதுதான் நேராகப் பார்த்தாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, எனக்குப் புரியவில்லை. வாயைத் திறந்தேன். அத்தை, தெரு, அண்ணனின் பெயர், பிறகு அம்மா எப்படி இந்தத் தெருவில் நடப்பாள், எல்லாம் ஒன்றாக வந்தது.

"ஆமாங்க," என்றாள் அம்மா.

அக்கா பெட்டியை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் யாரோ அண்ணன் பெயரைச் சொல்வது கேட்டது.