பதின்மூன்று பேர் வேண்டிய ஆட்டம்

கம்பி வேலியைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில் கொஞ்ச தூரம் நடந்த பிறகுதான் பூட்ஸைக் கழற்றாமல் வந்துவிட்டது தெரிந்தது. கிளப்பின் பூட்ஸ். அடியில் முட்டு முட்டாக இருக்கும். தாரில் வைத்தால் லாடம் அடித்த மாடு நடப்பதுபோலச் சத்தம் வரும். திரும்பிப் போனால் கேப்டனின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதனால் அப்படியே நடந்தேன். எங்கள் லேபர் கேம்ப் இருக்கும் சோனாப்பூருக்கு ஒன்றரை மணி நேர நடை. பஸ் வரும், ஆனால் பஸ்ஸில் நம் ஊர்க்காரர்கள் இருப்பார்கள், என்ன ஆச்சு என்று கேட்பார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சவூதியில் ஜுபைலில் குழாய்களுக்குப் பஞ்சு சுற்றினேன், அபுதாபிப் பக்கம் ருவைஸில் சாரம் கட்டினேன். எந்த இடத்திலும் இரண்டு வருஷத்துக்கு மேல் கால் தங்கியதில்லை. துபாய்க்கு வந்ததும் ஆள் சப்ளை செய்யும் கம்பெனி என்னை ஒரு விளையாட்டு மைதானத்துக்கு ஹெல்பராக அனுப்பியது. புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும், வெள்ளைக் கோடு போட வேண்டும், கம்பங்களின் அடியில் மெத்தை கட்ட வேண்டும். அங்கே மூன்றாவது குளிர்காலமும் இருந்தேன். அதற்குக் காரணம் அந்த ரக்பி கிளப்தான்.

ரக்பியில் இரண்டு வகை உண்டு என்று அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டேன். பதினைந்து பேர் ஆடுவது பெரிய வகை. அதற்குக் கூட்டம் வரும், ஹோட்டல்காரர்கள் பேனர் கட்டுவார்கள். பதின்மூன்று பேர் ஆடும் இன்னொன்றின் பெயர் ரக்பி லீக். அதைக் கேள்விப்பட்டவர்களே இந்தப் பக்கம் குறைவு. எங்கள் கிளப் அந்த இரண்டாவது வகை. கேப்டன் வட இங்கிலாந்துக்காரர், வெல்டிங் பரிசோதகர், ஐம்பதை நெருங்கியவர், ஒரு முட்டியில் எப்போதும் பட்டை சுற்றியிருப்பார். அவர் ஊரில் இந்த ஆட்டம்தான் எல்லாமாம். இங்கே ஒவ்வொரு வாரமும் ஆள் பிடிப்பதே அவருக்கு வேலை. ஒருவனைக் கத்தாருக்கு மாற்றிவிடுவார்கள். இன்னொருவனுக்கு ஷிப்ட் மாறும். ஹோட்டல் செக்யூரிட்டியாக இருந்த ஃபிஜிக்காரர் இரண்டு பேரை பதினைந்து பேர் கிளப் இழுத்துக்கொண்டது. போகிறவன் போகட்டும் என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, அடுத்த ஆளுக்கு போன் போடுவார்.

அந்த வருஷம் எங்கள் போட்டித் தொடரில் ஐந்து அணிகள். அடுத்த வருஷம் நாலுதான் என்று சொல்லிவிட்டார்கள். கடைசி ஆட்டத்துக்கு வரும்போது நாங்களும் ஷார்ஜா பக்கத்து அணி ஒன்றும் அடிமட்டத்தில் சமமாக இருந்தோம். எங்களுக்குள்ளேதான் ஆட்டம். ஜெயிப்பவர் இருப்பார், தோற்பவர் போக வேண்டும். போனால் மைதானத்தில் எங்களுக்கு இருந்த நேரத்தைக் குழந்தைகளின் ஃபுட்பால் பள்ளிக்குக் கொடுத்துவிடுவதாக ஓனர் முன்பே சொல்லியிருந்தார்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கேப்டன் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்பதோடு விரல் நின்றுவிட்டது. நான் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனவன் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கேம்பில் கபடி ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் ஆளைப் பிடித்து விழுத்தாட்டத்தான் தெரியும் என்று சொன்னேன். கபடி எப்படி இருக்கும் என்று கேட்டார். சுண்ணாம்பு வண்டியை விட்டுவிட்டு, அவர் கணுக்காலைப் பிடித்துப் புல்லில் சாய்த்துக் காட்டினேன். படுத்தபடியே சிரித்தார்.

மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். கம்பி கட்டும் இரண்டு பேர், பிறகு அருப்புக்கோட்டைப் பக்கத்து டைல்ஸ் மேசன். மேசன்தான் எங்கள் கேம்பின் முதல் ஆள். எதிர்ப்பக்கம் ஏறிப் பாடினால் வெறுங்கையோடு வரமாட்டான். நாலாவது ஆள் நான். சைட்டிலிருந்து திரும்பியதும் குளிக்காமல்கூட மூன்று சாயங்காலம் பயிற்சிக்குப் போனோம். ஓடுவதும் விழுவதும் எங்களுக்குப் பிரச்சினை இல்லை. விடுவதுதான் பிரச்சினை. கபடியில் பிடித்தவனை மூச்சு அறும்வரை விடக்கூடாது. இங்கே விழுத்தியதும் விட்டுவிட வேண்டும். அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னே உருட்டுவான், ஆட்டம் தொடரும். ஒரு கம்பி கட்டுகிறவன் ஒரு நியூசிலாந்துக்காரனின் காலைக் கட்டிக்கொண்டு, அவன் கெஞ்சியும் விடவில்லை. கடைசியில் கேப்டன் ஒரு வழி கண்டுபிடித்தார். நாங்கள் பிடித்து விழுத்தியதும் அவர் "கலாஸ்" என்று கத்துவார். எந்த சைட்டிலும் கலாஸ் என்றால் வேலை முடிந்தது என்று அர்த்தம். அது எங்கள் கைகளுக்குப் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். கேம்பிலிருந்து இருபது பேர் வேலியில் சாய்ந்து நின்றார்கள். அந்த மைதானத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. முதல் பாதியில் கேப்டன் கலாஸ் கலாஸ் என்று கத்திக் குரல் உடைந்தது. ஆனால் எங்கள் பக்கம் யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. ஆளுக்கொரு கால் என்று பிடித்துச் சாய்த்தோம். இரண்டாம் பாதியில் களைத்துவிட்டோம். வாரம் முழுக்கக் கம்பி தூக்கிய உடம்பு. கடைசி நிமிஷத்துக்கு வரும்போது இரண்டு பாயிண்ட் பின்னால் இருந்தோம். பந்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்த் தரையில் வைத்தால் நாலு பாயிண்ட். வைத்தால் போதும், கிளப் இருக்கும்.

பந்து மேசனிடம் வந்தது. அவன் இடது பக்கம் சாய்வதுபோலக் காட்டி வலது பக்கம் நழுவினான். இரண்டு பேர் காற்றைப் பிடித்தார்கள். மூன்றாவது ஆள் கையை நீட்ட, அதைத் தட்டிவிட்டுப் போனான். முன்னால் ஒருவரும் இல்லை. பக்கத்தில் ஓடிவந்த எனக்குக் கேட்டது, அவன் மூச்சு விடாமல் கபடி கபடி என்று பாடிக்கொண்டே போனான். கோடு நெருங்கியது. நான் போட்ட கோடு. அவன் கால் கோட்டைத் தாண்டியது.

அப்போது நான் கத்தினேன்.

"தொட்டாச்சு, வந்துரு!"

பத்து வயதிலிருந்து அதையே கத்திப் பழகிய வாய். கபடியில் ஆளையோ கோட்டையோ தொட்டவன் நடுக்கோட்டுக்குத் திரும்பி வந்தால்தான் பாயிண்ட். அவனும் அதே மண்ணில் ஆடியவன். ஒற்றைக் காலில் சுழன்று, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் பக்கத்தைப் பார்த்து ஓடிவந்தான். எதிர் அணிக்காரர்கள் ஒரு நொடி மலைத்து நின்றார்கள். பிறகு இரண்டு பேராகச் சேர்ந்து மேலே விழுந்தார்கள். அந்த நிலையிலும் அவன் எங்கோ தூரத்தில் இருந்த நடுக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்டினான். நேரம் முடிந்து ரெஃப்ரி விசில் ஊதினார்.

வேலியில் எங்கள் கூட்டம் கைதட்டியது. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்கள். மேசனும் எழுந்து கையை உயர்த்தினான். கிளப்பின் பழைய ஆட்கள் ஒன்பது பேரும் நின்ற நிலையைப் பார்த்த பிறகுதான் கையை இறக்கினான். என்னிடம் வந்தான்.

"அண்ணே, நீங்கதானண்ணே வரச் சொன்னீக?"

ஆமாம் என்றேன்.

"அப்ப நான் தப்பா ஆடலைல்ல?"

"நீ ஆடுனது சரிதான். நான்தான் வேற ஆட்டத்துக்குக் கத்திட்டேன்."

கேப்டன் திட்டியிருக்கலாம். எதிர் அணியோடு கைகுலுக்கிவிட்டு வந்து, எங்கள் நாலு பேருக்கும் கைகொடுத்தார். மேசன் ஓடிய ஓட்டத்தைப்போல ஒன்றைத் தன் ஊரிலும் பார்த்து ரொம்ப நாளாயிற்று என்றார். பிறகு உட்கார்ந்து முட்டிப் பட்டையைப் பிரித்தார். பிரித்ததைச் சுருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷம் நடத்திய கிளப்.

மைதானத்து ஃபோர்மேன் நாகர்கோவில்காரர். அவர் எதற்கும் காத்திருக்கவில்லை. வெல்டருக்கு போன் போட்டு, இருட்டுவதற்குள் ரக்பி கம்பங்களைப் பிடுங்கச் சொல்லிவிட்டார். என்னிடம் வந்து, நாளைக்கு நாலு மணிக்குப் பிள்ளைகள் ஆட வருகிறார்கள், காலையில் பச்சைப் பெயிண்ட் அடித்துப் பழைய கோட்டை எல்லாம் அழிக்க வேண்டும் என்றார்.

"வேற ஆள வச்சு அழிச்சுக்கிடுங்க. எனக்கு வேண்டாம்."

"பின்ன என்ன செய்யப் போற?"

"ருவைஸ் போறேன். அங்க ஆலைய நிறுத்தி ரிப்பேர் பாக்குற ஷட்டவுன் வேலைக்கு ஆள் எடுக்காங்க."

"போ. காலையில பஸ் நிக்கும்" என்றார். அவருக்கு என் மேல் கோபம் இல்லை. இதைப்போல எத்தனையோ பேரை அனுப்பியிருப்பார். நான் வேலியைத் தாண்டி நடக்கத் தொடங்கியது அப்படித்தான்.

கேம்பில் மேசன் எனக்கும் சேர்த்துச் சோறு வாங்கி வைத்திருந்தான். சாப்பிட்டோம். பையைக் கட்டி வைத்துவிட்டுப் படுத்தேன்.

விடியற்காலையில் கேம்ப் வாசலில் ருவைஸ் பஸ் வந்து நின்றது. பையோடு வரிசையில் நின்றேன். முன்னால் இரண்டு பேர் ஏறினார்கள். அப்போதுதான் குழி ஞாபகம் வந்தது. ரக்பி கம்பங்கள் நாலும் தரைக்குள் இறக்கிய இரும்புக் கூட்டில் நிற்பவை. கம்பத்தைப் பிடுங்கினால் கூடு வாயைத் திறந்துகொண்டு கிடக்கும், முழங்கால் ஆழம். வெல்டர் பிடுங்குவான், மூடமாட்டான். அது அவன் வேலை இல்லை. ஃபோர்மேன் கோட்டைத்தான் பார்ப்பார். ஓடுகிற பிள்ளையின் கால் உள்ளே போனால் எலும்பு முறியும். டிரைவர் "யல்லா" என்று அவசரப்படுத்தினான். வரிசையிலிருந்து விலகினேன்.

மைதானத்துக்குப் போனபோது ஃபோர்மேன் டீ குடித்துக்கொண்டிருந்தார். ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. நான் சிமெண்ட் மூட்டை ஒன்று கேட்டேன். நாலு குழியிலும் விளிம்புக்குச் சற்றுக் கீழேவரை மணல் கொட்டித் திமிசுக்கட்டையால் இடித்து, மேலே சிமெண்ட் பூசினேன். அது முடிய பத்து மணி ஆயிற்று. காய்வதற்குள் யாரும் மிதிக்காமல் சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, பச்சைப் பெயிண்ட் டின்னை எடுத்து மூடியைத் திறந்தேன்.