அவிழ்க்காத முடிச்சு

என் மேசைமேல் கட்டைவிரல் அளவில் ஒரு கண்ணாடிக் குப்பி இருக்கிறது. ரப்பர் அடைப்பானையும் கழுத்தையும் சேர்த்து ஒரு மஞ்சள் பட்டு இழை இறுகச் சுற்றியிருக்கும். நுனியில் இரட்டை முடிச்சு. அதைப் பார்க்கும்போதெல்லாம் புரொபசரின் ஞாபகம் வரும். மரியாதையோடு வருவதில்லை.

அவரும் காஞ்சிபுரத்துக்காரர்தான். சின்ன காஞ்சிபுரத்தில் பிறந்து, கப்பலேறிப் போய் உயிர்வேதியியல் படித்து, சென்னைக் கல்லூரி ஒன்றில் பெரிய நாற்காலியைப் பிடித்தவர். அறுபதுகளின் கடைசியில் ஒருநாள் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் ஊசியும் பஞ்சுமாக வந்து இறங்கினார். மூக்கில் வைத்த கைக்குட்டையைக் கடைசிவரை எடுக்கவில்லை. சாயம் ரத்தத்தில் கலந்து ஈரலைக் கெடுக்கிறதா என்று பார்த்து, அவரவரிடம் வந்து சொல்வதாக வாக்குக் கொடுத்தார். சாயத் தொழிலாளர் தெரு மொத்தமும் கையை நீட்டியது. காசு வாங்காத டாக்டர் என்று இளநீர் வேறு வெட்டிக் கொடுத்தார்கள்.

சாயப்பட்டறையில் ஒருவர் பட்டு இன்னொருவர் பட்டோடு கலந்துவிடாமலிருக்க, ஒவ்வொரு நூல் கழியிலும் அடையாள முடிச்சுப் போடுவது வழக்கம். சாயம் தோய்த்துப் பிழைத்த என் அம்மா, புரொபசர் ஒட்டிய காகிதத்தை நம்பவில்லை. தன் ரத்தம் இருந்த குப்பிக்கும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். அதை அவிழ்க்காமல் மூடியைத் திறக்க முடியாது. அவர் சிரித்தார். எங்களைப் பார்த்து அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

அம்மாவுக்கு அப்போதே விரலிடுக்கெல்லாம் வெடித்துச் சோறு பிசைய முடியாது. சாயத்தை விட்டுவிட்டு நூல் சுற்றும் வேலைக்கு வந்துவிடு என்று சித்தி கெஞ்சினாள். “அய்யா இன்னா சொல்றாருன்னு பாத்துட்டு வுட்டுடலாம்” என்றாள் அம்மா. பார்த்துக்கொண்டே வருஷங்கள் போயின. அவள் கண்ணில் மஞ்சள் ஏறியது.

இதற்கிடையில், எங்கள் தெருவின் ரத்தத்தை ஆராய்ந்ததற்காகப் புரொபசருக்கு டெல்லியில் விருது கொடுத்தார்கள். ஊர் கூடிப் பொன்னாடை போர்த்தியது. ‘என் மக்கள்’ என்று ஒரு மணி நேரம் உருகினார். முடிவைக் கேட்கப் போன அம்மாவிடம், கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டே, “அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா” என்றார். கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பவன்கூடப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காயைக் கொடுக்கிறான். இவர் ஒரு வார்த்தை கொடுக்கவில்லை.

நான் பி.எஸ்ஸி. முடித்து அவர் ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளராகச் சேர்ந்தேன். அம்மாவின் ரத்தப் பரிசோதனை முடிவைத் தெரிந்துகொள்ளத்தான் சேர்ந்தேன். ஒருநாள் பழைய குளிர்பெட்டியை நகர்த்தியபோது பின்னால் ஒரு மரப்பெட்டி. உள்ளே வரிசையாகக் குப்பிகள், ரத்தம் கறுத்துக் காய்ந்து கிடந்தது. ஒன்றின் கழுத்தில் மஞ்சள் முடிச்சு. நேரே அவரிடம் கொண்டுபோய்க் கேட்டேன்.

“முதல்ல பார்த்த கொஞ்சத்துலயே எனக்கு வேண்டிய ரிசல்ட் வந்துடுச்சும்மா. மிச்சமெல்லாம் எண்ணிக்கைக்குத்தான்” என்று சொல்லிவிட்டுத் தேநீரை உறிஞ்சினார். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. அத்தனை பெரிய படிப்பு படித்த மனிதர் எவ்வளவு அற்பம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். அப்போதே வேலையை விட்டேன்.

வீட்டில் அம்மா முடிச்சைத் தடவித் தடவிப் பார்த்தாள். “என்னுதுதான்” என்றாள். பிறகு, “அவுக்கவேயில்லியா? அந்தாளு சொல்லுவாருன்னுதானேம்மா இத்தினி வருசம் தொட்டியில கைய வெச்சிக்கினு இருந்தேன்” என்றாள். அய்யா அந்தாளு ஆனது அன்றைக்குத்தான். அடுத்த பொங்கலுக்கு அம்மா இல்லை.

ஊர் மண்டபத்தில் புரொபசரின் படம் பொன்னாடையோடு தொங்குகிறது. வருஷா வருஷம் மாலை போட்டுக் கூட்டம் நடத்துகிறார்கள். அவரிடம் வேலை பார்த்தவள் என்று என்னையும் பேசக் கூப்பிடுகிறார்கள். இதுவரை போனதில்லை. இந்த முறை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பேச்சு எதுவும் தயார் செய்யவில்லை. இந்தக் குப்பியை முடிச்சோடு கொண்டுபோய் அவர் படத்துக்குக் கீழே வைக்கப் போகிறேன்.