அம்மா பேருக்கு எழுதிய வீடு

எங்கள் வீட்டை அப்பா அம்மா பேருக்கு எழுதிவைத்தது பாசத்தில் என்று சொந்தக்காரர்களில் சிலர் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம்பிவிட்டுப் போகட்டும். எங்கப்பாவுக்குப் பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் பாசத்துக்காக முத்திரைத்தாள் வாங்குகிற ஆள் இல்லை அவர். பயத்தில் எழுதினார்.

விருத்தாசலத்தில் தொழிற்பேட்டைக்குள் அவர் ஒரு சின்னப் பீங்கான் கம்பெனி வைத்திருந்தார். அக்கம்பக்கத்து ஷெட்டுகளில் எல்லாம் பொம்மையும் விளக்கும் செய்துகொண்டிருக்க, இவர் மட்டும் கரண்ட்டுக்கு பியூஸ் மாட்டுகிற வெள்ளைக் கட்டைகளைச் செய்தார். "பொம்மை வாங்காம மனுசன் இருந்துடுவான், பியூஸு இல்லாம இருப்பானா?" என்பார். பிற்பாடு தட்டிவிட்டால் சரியாகிற பிளாஸ்டிக் சாமான் வந்து, பியூஸ் இல்லாமலும் மனுசன் இருப்பான் என்று காட்டியது. அது பின்னால் வருகிறது.

இரண்டாயிரத்து இரண்டோ மூன்றோ இருக்கும். எங்கள் ஷெட்டுக்கு நாலு ஷெட் தள்ளிக் கம்பெனி நடத்தியவர் பேங்க் கடனைக் கட்ட முடியாமல் போகவே, அவர் வீட்டுக் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அப்பா துக்கம் விசாரிக்கிற மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அந்த வீட்டம்மா நோட்டீஸ் தெரியாமல் இருக்க அதன்மேல் ஒரு துண்டைக் காயப்போட்டிருந்தாராம். அதைச் சொல்லிவிட்டு அப்பா சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அடுத்த வாரமே ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு எதிரில் பத்திரம் எழுதுகிறவரிடம் போய் நின்றார். அப்போது எங்கள் வீட்டின்மேல் ஒரு வில்லங்கமும் கிடையாது. வாங்கியிருந்த கொஞ்சக் கடனும் மெஷின்மேல்தான் இருந்தது. "உங்க பேர்ல வூடே இல்லன்னா நாளைக்கு எவன் வந்து எதைப் புடுங்குவான்? அம்மா பேருக்கு செட்டில்மெண்டு பண்ணிடுங்க சார்" என்று எழுத்தர் யோசனை சொன்னார். பதிவன்று அதிகாரி, முழுச் சம்மதத்தோடுதான் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்டதற்கு, பல் பிடுங்கிக்கொண்டவர் குரலில் அப்பா ஆமாங்க என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா கேட்டாள்: "அப்போ இனிமே வூடு என்னுதுங்களா?"

"எல்லாம் பேருக்குத்தான்" என்றார் அப்பா. பத்திரம் அவருடைய பீரோவுக்குள் போனது, சாவி அவருடைய இடுப்புக்குப் போனது.

அதற்கப்புறம்தான் அவருக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது. அம்மா அஞ்சாங்கிளாஸ். வெள்ளந்தி. யாராவது நைசாகப் பேசிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டால்? எனவே பயிற்சி கொடுக்க ஆரம்பித்தார். எவன் வந்து எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும். அண்ணன் கேட்டாலும் சரி, பெற்ற பிள்ளை கேட்டாலும் சரி. சொன்னதோடு விட்டாரா? அவ்வப்போது பரீட்சையும் வைப்பார். ஏதோ ஒரு பழைய பேப்பரைக் கொண்டுவந்து, "இது ரொம்ப அவசரம், போடு" என்பார். அம்மா பேனாவைத் தொட்டால் போச்சு, வீடு ரெண்டாகும். சென்னையில் வேலை பார்த்த என் தம்பி பொங்கலுக்குப் பார்சலில் அனுப்பிய புடவையை அம்மா கையெழுத்துப் போட மறுத்துத் தபால்காரரிடமே திருப்பி அனுப்பினாள். அப்பா அன்றைக்குத் திட்டினாலும், அவர் முகத்தில் பெருமை தெரிந்தது.

இதற்கிடையில் என்னைப் பெண்ணாடத்தில், சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நான் போன நேரமோ என்னவோ, பியூஸ் கட்டை விற்பனை படுத்துவிட்டது. சூளை வாரக்கணக்கில் ஆறிக் கிடந்தது. வீட்டை அடமானமாக வைத்தால் புதுக்கடன் தருவதாக பேங்க்கில் சொன்னார்கள். அதற்கு வீட்டுக்குச் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும்.

மாசி மகத்துக்கு நான் வந்திருந்தபோதுதான் அப்பா அந்தக் காகிதங்களோடு வந்தார். அம்மா முறத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தா, இதுல கையெழுத்துப் போடு."

அம்மா நிமிரக்கூட இல்லை. "போட மாட்டேங்க."

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சபாஷ். ஆனா இது நெசம். போடு."

"போன தடவையும் நெசம்னுதான் சொன்னீங்க."

"அடியே, இது பேங்க்கு பேப்பருடீ!"

"பேங்க்கு பேப்பர்ல போடவே கூடாதுன்னு சொன்னதாரு?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். கூடச் சிரிக்க ஆள் இல்லை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஒரு இடத்தில் விரலை வைத்து, "அடமானம்னுதானே போட்டிருக்குது?" என்று என்னைக் கேட்டாள். ஆமாம் என்றேன். மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"கம்பெனி போனா கம்பெனியோட போவட்டும். வூட்ட வெக்க மாட்டேன்."

அப்பா தலைகீழாக நின்று பார்த்தார். அம்மா அசையவில்லை. திட்டக்குடியிலிருந்து அப்பாவின் அக்காவை, எங்கள் அத்தையை, வரவழைத்தார். அத்தை செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஏம்மா, புருசன விட வூடு பெருசாப் போச்சா உனக்கு?"

"இல்லைங்க அண்ணி. வூடு போயிட்டா இவர எங்க படுக்க வெக்கிறதுன்னுதான் யோசிக்கிறேன். உங்க வூட்டுல எடம் இருக்குதுங்களா?"

அத்தை அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார். காபிகூட பாதிதான் குடித்திருந்தார்.

கடைசியில் நான். நீ சொன்னா கேப்பா என்று அப்பா போன் போட்டுக் கெஞ்சினார். எனக்கு அம்மாமேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கிளம்பி வந்து பார்த்தால், மனுசன் சட்டை தொளதொளக்கிற அளவுக்கு இளைத்துப் போயிருந்தார். கம்பெனி என்றால் அது அவர் உயிர். "ஏம்மா, உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்குதா இல்லையா? அவரு செத்துகித்துப் போயிடுவாரு போல இருக்குதே!" என்று கத்தினேன்.

"எனக்குத் தெரியாதா? அவரு தூங்காம பொரளும்போது பக்கத்துல படுத்திருக்கிறது நானா, நீயா?" என்றாள் அம்மா. "ஒண்ணு கம்பெனி போவும், இல்லாட்டி கம்பெனியும் வூடும் சேந்து போவும். இவரு மூணாவதா ஒண்ணு இருக்குதுன்னு நெனைக்கிறாரு. நீயும் நெனைக்கிறியா?"

எனக்கும் மூன்றாவது எதுவும் தெரியவில்லை.

கம்பெனியை மூடினார்கள். மெஷின்களை வேப்பூர்க்காரர் ஒருவர் லாரி வைத்து ஏற்றிக்கொண்டு போனார். அப்பா அதே தொழிற்பேட்டையில் இன்னொருவர் ஷெட்டுக்கு சூப்பர்வைசராகப் போனார். அன்றிலிருந்து அம்மாவோடு பேச்சை நிறுத்திவிட்டார். சாப்பிடுவார், துவைத்த சட்டையைப் போட்டுக்கொள்வார், பேச மட்டும் மாட்டார். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் செல்லில் பெண்ணாடத்துக்கு எனக்குப் போன் போடுவார். "வூட்டுக்காரங்ககிட்ட சொல்லிடு, மோட்டாரு ஓடல." நான் அந்த வீட்டு லேண்ட்லைனுக்குப் போன் போட்டு, அவருக்குப் பத்தடி தள்ளி நிற்கிற அம்மாவிடம் மோட்டார் ஓடவில்லை என்று சொல்வேன். "தெரியும், அவரு பேசினது காதுல வுழுந்துச்சு" என்பாள் அம்மா. என் காசு போனதுதான் மிச்சம். இப்படியே ரெண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அம்மா ஒருநாள்கூட வாய்விட்டு அழுததில்லை. ஆனால் எனக்கு வரும் போனில் அப்பா தன்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா என்று மட்டும் சுற்றிவளைத்து விசாரிப்பாள். கேட்டார் என்று பலமுறை பொய் சொல்லியிருக்கிறேன்.

பிறகு அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி என்றார்கள். பாண்டிச்சேரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின வாரம் நடந்தது. "கத்தி வெக்கிறதுக்கு முன்னாடி நான் உயில் எழுதணும்" என்றாள் அம்மா. அதற்கு வீட்டுப் பத்திரம் வேண்டும். பத்திரம் பீரோவில். அப்பாவுக்கு நான் போன் போட்டேன். அவர் சாவியைக் கொடுக்கவில்லை. பத்திரத்தை மஞ்சப் பையில் போட்டு, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானே வந்தார்.

பழைய பத்திர எழுத்தர்தான். அம்மா முந்தின நாளே வந்து விஷயத்தையெல்லாம் சொல்லிவைத்திருந்தாள். பெஞ்சில் அம்மா ஒரு கோடியில், அப்பா மறுகோடியில், நடுவில் நான். அவர் உரக்கப் படித்தார்.

"என் ஆயுளுக்குப் பிறகு மேற்படி வீட்டை என் கணவர் தன் ஆயுள் வரையில் அனுபவித்துக்கொள்ள வேண்டியது. அதில் குடியிருக்கவும் வாடகைக்கு விட்டு வருமானம் அடையவும் அவருக்கு உரிமை உண்டு. விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு அதிகாரம் கிடையாது. அவருடைய ஆயுளுக்குப் பிறகு என் மகனும் மகளும் சரிபாதியாக அடைய வேண்டியது."

அடமானம் என்ற வார்த்தை வந்ததும் நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பா போடப்போகிற சத்தத்தில் ரோட்டில் போகிறவர்களெல்லாம் கூட்டம் கூடிவிடுவார்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தது.

"அந்த வரிய எடுங்க" என்றார் அப்பா.

"சார், உயில் அம்மாவோடது. அவங்க சொல்றதத்தான் நான் எழுத முடியும்."

"அடமானத்தச் சொல்லலய்யா. அது இருந்துட்டுப் போவட்டும். அதுக்கு மேல, இவ ஆயுளுக்குப் பெறவுன்னு போட்டிருக்கீங்களே, அத எடுங்க."

"உயில்னா அப்படித்தான் சார் எழுதணும்."

"என்னாத்த எழுதணும்? நான் இவளவிட வயசுல பெரியவன். நான்தானே மொதல்ல போவணும்? மாத்துங்கய்யா!"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அது என் கையில இல்லைங்க சார்."

அப்பா என்னைத் தாண்டி எட்டி, நேராக அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"நீ போயிட்டா அந்த வூட்ட வெச்சிக்கிட்டு நான் என்னடீ பண்ணுவேன்?"

"வாடகைக்கு வுடுங்க" என்றாள் அம்மா. "விக்கத்தான் கூடாது."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, தேம்பித் தேம்பி அழுதுகொண்டேதான் அதைச் சொன்னாள்.